அரைக்காலும் ஒரு மாவும் எவ்வளவு?

ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் தொடங்கும் நாளில் கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லித்தராமல் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்வேன். பல நோட்டுகளில் 2/5 என்று விடை இருக்கும். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. கூட்டல் குறியைப் பார்த்ததும் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிடுவது அந்த வயதுக்கு இயல்பு.

அந்த விடையை உடனே அடித்துத் திருத்த எனக்கு மனம் வராது. "ஐந்தில் இரண்டு பாதியைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்பேன். ஐந்தில் பாதி இரண்டரை, ஆகவே ஐந்தில் இரண்டு பாதிக்கும் குறைவு என்று யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். கையில் அரை இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், மொத்தம் அரையைவிடக் குறைந்துபோனது. இது எங்கேயோ இடிக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஒருமுறை ஒரு பையன் விடவில்லை. "டீச்சர், முதல் டெஸ்டுல ரெண்டு கேள்வி, ஒண்ணு சரி. அடுத்த டெஸ்டுல மூணு கேள்வி, அதுலயும் ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே?"

அவன் சொன்னது முழுக்கச் சரி. மதிப்பெண்களைச் சேர்க்கும்போது அப்படித்தான் சேர்க்கிறோம். ஆனால் அங்கே முழு அளவு மாறிக்கொண்டே போகிறது: முதலில் இரண்டு கேள்வி, பிறகு மூன்று, கடைசியில் ஐந்து. பின்னக் கூட்டலில் முழு அளவு ஒன்றேதான். ஒரே வயலில் பாதி, அதே வயலில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால் அந்த வயலில் எவ்வளவு? இதுதான் கேள்வி. இந்த வேறுபாடு புரிந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

காவிரி டெல்டாவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் நான். பகுதி வேறுவேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் பிள்ளைகளைக் கணக்கின்மேல் கசப்படைய வைக்கிற இடம் என்று கண்டிருக்கிறேன். அதே பாடத்தைச் சரியான முனையில் பிடித்தால் அவர்கள் கண் விரிவதையும் கண்டிருக்கிறேன். சரியான முனை எது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்: கூட்டும் முன், இரண்டையும் எந்தத் துண்டால் அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் வெறும் எண்ணிக்கை.

கட்டம் போட்ட நோட்டு

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று என ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே 12 கட்டம் இருக்கும். இந்தச் செவ்வகம்தான் ஒன்று. இதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வரிசை, அதாவது 4 கட்டம். நான்கில் ஒரு பங்கு ஒரு பத்தி, அதாவது 3 கட்டம். 1/3 + 1/4 எவ்வளவு என்று கேட்டால், 4 கட்டமும் 3 கட்டமும் 7 கட்டம். மொத்தம் 12 கட்டத்தில் 7. விடை 7/12.

இதில் புதிதாக எந்த விதியும் வரவில்லை. மூன்றில் ஒன்று பெரிய துண்டு, நான்கில் ஒன்று அதைவிடச் சின்ன துண்டு. அளவு வேறான துண்டுகளை 'ஒன்று, இரண்டு' என்று சேர்த்து எண்ணினால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டையும் ஒரே அளவுக் கட்டங்களாக வெட்டிய பிறகு எண்ணலாம். பாடப்புத்தகம் இதைத்தான் வேற்றினப் பின்னங்களை ஓரினப் பின்னங்களாக மாற்றுவது என்கிறது.

1/3 எப்படி 4/12 ஆயிற்று? ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டினோம். துண்டு நான்கு மடங்கு சிறிதாயிற்று, ஆகவே பகுதி 3 என்பது 12 ஆயிற்று. துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு கூடியது, ஆகவே தொகுதி 1 என்பது 4 ஆயிற்று. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கு என்று சொல்வதன் உட்பொருள் இவ்வளவுதான். இருக்கிற அளவில் ஒரு துளிகூடக் கூடவோ குறையவோ இல்லை.

கழித்தலும் இப்படியே. 3/4 − 2/3 என்ற கணக்கை அதே செவ்வகத்தில் போடலாம். முக்கால் என்பது 9 கட்டம், மூன்றில் இரண்டு என்பது 8 கட்டம். வித்தியாசம் ஒரே கட்டம், 1/12. எண்களாக மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு இந்த இரண்டில் எது பெரிது என்பதே குழப்பம். கட்டத்தில் பார்த்தவள் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறாள். முதல் நாள் திணறிய 1/2 + 1/3 கணக்கும் இப்போது யாருக்கும் கடினமில்லை. ஆறு கட்டத்தில் மூன்றும் இரண்டும் ஐந்து, 5/6.

320 துண்டுகள்

கீழத்தஞ்சையில் கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என் தாத்தா. தமிழ்நாட்டில் 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்படுவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். அவருடைய வீட்டுக் கணக்கு நோட்டுகளில் பின்னங்களுக்குப் பகுதியும் கிடையாது, தொகுதியும் கிடையாது, நடுவில் கோடும் கிடையாது. கால், அரை, முக்கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறி. கீழே இறங்கினால் அரைக்கால், மா, மாகாணி, காணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குறி. இந்தக் குறிகள் பல 2019இல் யூனிகோட் 12.0 பதிப்பில் இடம்பெற்றன. இப்போது கணினியிலும் அவற்றை எழுதலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இந்தப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். வரிசையின் அடியில் இருப்பது முந்திரி. ஒன்றை 320 ஆகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு அது. மற்றவற்றையெல்லாம் முந்திரிக் கணக்கில் எழுதிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் அழகு தெரியும்:

முக்கால் (3/4): 240 முந்திரி
அரை (1/2): 160
கால் (1/4): 80
நாலுமா (1/5): 64
மும்மாகாணி (3/16): 60
மும்மா (3/20): 48
அரைக்கால் (1/8): 40
இருமா (1/10): 32
மாகாணி அல்லது வீசம் (1/16): 20
மா (1/20): 16
முக்காணி (3/80): 12
அரைமா (1/40): 8
காணி (1/80): 4
அரைக்காணி (1/160): 2
முந்திரி (1/320): 1

ஒன்றிலும் மீதி இல்லை. எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று என்று பகுதிகள் எவ்வளவு வேறுபட்டாலும் எல்லாவற்றையும் அளக்கும் ஒரு பொதுத் துண்டை முன்னோர் முதலிலேயே தேர்ந்து வைத்துவிட்டார்கள்.

தலைப்பில் கேட்ட கணக்கை இப்போது போடுவோம். அரைக்கால் 40 முந்திரி, மா 16 முந்திரி. மொத்தம் 56. அதை 48 என்றும் 8 என்றும் பிரித்தால் மும்மாவும் அரைமாவும். பள்ளிக்கூட முறையில் 1/8 + 1/20. இரண்டுக்கும் பொதுவாக 40ஐ எடுத்தால் 5/40 + 2/40 = 7/40. 56ஐ 320ஆல் வகுத்துச் சுருக்கினாலும் அதே 7/40.

வயலில் வைத்தும் சரிபார்க்கலாம். தஞ்சை வழக்கில் ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி, ஒரு குழி 12 அடிக்கு 12 அடி. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் அந்த நிலத்துக்கு மா என்று பெயர். இன்றைய அளவில் ஒரு மா சுமார் 33 சென்ட். எங்கள் பக்கத்தில் இன்னும் "மூணு மா நெலம்" என்றுதான் பேச்சு. அரைக்கால் வேலி என்றால் இரண்டரை மா. அதோடு ஒரு மா சேர்ந்தால் மூன்றரை மா, 350 குழி. வேலிக்கு 2000 குழி. 2000க்கு 350 என்பதும் 7/40தான்.

கழித்தலும் அப்படியே. கால் வேலியில் மும்மாவை விற்றுவிட்டால் மீதி? 80 முந்திரியில் 48 போனால் 32, இருமா. பின்னமாக எழுதினால் 1/4 − 3/20 = 5/20 − 3/20 = 2/20, சுருக்கினால் 1/10. மாகாணி என்ற அளவே ஒரு கூட்டல் கணக்கு. மாவும் காணியும் சேர்ந்தது: 1/20 + 1/80 = 4/80 + 1/80 = 5/80 = 1/16. எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்களுக்கு வருகிற பெருமிதம் எனக்குப் பிடிக்கும்.

நில வரிக்காக இந்தக் கழித்தலைப் பெரிய அளவில் செய்தவர்கள் சோழர் காலத்துக் கணக்கர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலக் கணக்கு கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து குடியிருப்பு, கோயில், குளம், ஊரூடே போகும் வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகிய வரியில்லாத நிலங்களைக் கழித்து, மீதிக்கு மட்டும் இவ்வளவு நெல் என்று அவை சொல்கின்றன. அந்தக் கழித்தலில் அளவு முந்திரிக்கும் கீழே போகிறது. முந்திரியையே மறுபடி 320 ஆகப் பிரித்தது கீழ்முந்திரி, ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட வேற்றினப் பின்னக் கழித்தல் அது.

மூன்று வந்தால் என்ன செய்வது?

320க்கு ஓர் எல்லை உண்டு. ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கினால் 320. அதற்குள் மூன்று இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் முழுதாக அளக்க முடியாது. 106 முந்திரிக்கு மேல் கொஞ்சம் மிஞ்சும். எந்த ஒரு பொதுத் துண்டும் எல்லாப் பின்னத்துக்கும் பொருந்தாது என்பது பின்னக் கணக்கின் அடிப்படை உண்மை. அவரவர் தேவைக்கு ஏற்ற துண்டை அவரவர் தேர்ந்துகொண்டார்கள்.

பழைய ரூபாயில் மூன்றுக்கும் இடம் இருந்தது. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா, ஆக ரூபாய்க்கு 192 பை. மூன்று பேருக்கு ஒரு ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 பை, மிச்சம் இல்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனபோது கணக்கு எழுதுவது எளிதாயிற்று. ஆனால் மூன்று பேருக்குச் சமமாகப் பிரிப்பது அத்தோடு போயிற்று.

பாபிலோனியர்கள் 60ஐப் பிடித்துக்கொண்டார்கள். அது நம் கடிகாரத்தில் இன்றும் ஓடுகிறது. கால் மணி நேரமும் ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், பின்னம் என்றாலே பயப்படுகிற பிள்ளைகூட 15ம் 20ம் 35 நிமிடம் என்று சொல்லிவிடும். 1/4 + 1/3 = 35/60 = 7/12. நிமிடம் என்ற பொதுத் துண்டு கையில் இருப்பதால் பயம் வரவில்லை.

எகிப்தில் சுமார் கி.மு. 1550இல் அஹ்மோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ஒரு பாப்பிரஸ் சுருள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ரைண்ட் பாப்பிரஸ் என்று அதற்குப் பெயர். அதன் 21ஆம் கணக்கு இது: 2/3, 1/15 இரண்டையும் சேர்த்த பிறகு ஒன்று முழுமையாக இன்னும் எவ்வளவு வேண்டும்? எழுத்தர் 15ஐப் பொது அளவாக எடுத்துக்கொள்கிறார். 2/3க்கு 10, 1/15க்கு 1, மொத்தம் 11. முழுமைக்கு இன்னும் 4 வேண்டும். இப்படித் துணைக்கு எடுக்கும் எண்களை எகிப்திய எழுத்தர்கள் சிவப்பு மையில் எழுதினார்கள். பெரும்பாலும் தொகுதி 1 உள்ள பின்னங்களையே அவர்கள் பயன்படுத்தியதால், 4/15 என்ற விடையை 1/5 + 1/15 என்று எழுதி முடித்தார்கள். நம் பிள்ளைகள் ரஃப் நோட்டில் செய்கிற வேலையை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் சிவப்பு மையில் செய்திருக்கிறார்.

பாகப்பிரிவினையில் 24

எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அறிவியல் நடத்தும் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "எங்க வீட்டுல சொத்துப் பிரிக்கணும்னா இருபத்துநாலுன்னுதான் டீச்சர் ஆரம்பிப்போம்."

இஸ்லாமியச் சட்டத்தில் வாரிசுகளின் பங்குகள் பின்னங்களாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஒருவர் மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, தந்தைக்கு 1/6, மீதியெல்லாம் மகனுக்கு. எட்டும் ஆறும் சேர்ந்து வகுக்கும் மிகச் சிறிய எண் 24. சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, மொத்தம் 11. மகனுக்கு 13/24. கூட்டலும் கழித்தலும் ஒரே கணக்கில் வந்துவிட்டன.

சில குடும்பங்களில் பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டிவிடும். மனைவி, தாய், தந்தை, இரண்டு மகள்கள் என்றால் 3, 4, 4, 16 பங்குகள் சேர்ந்து 27/24 ஆகிறது. இருப்பதைவிட அதிகமாக எப்படிக் கொடுப்பது? சுன்னி சட்ட மரபு சொத்தை 24க்குப் பதில் 27 பங்காக வைத்து அதே 3, 4, 4, 16 என்று பிரிக்கிறது. மனைவியின் எட்டில் ஒன்று 3/27, அதாவது ஒன்பதில் ஒன்று ஆகிவிடுகிறது. இந்தத் தீர்வை கலீஃபா அலி மிம்பர் மேடையில் நின்றபடியே சொன்னார் என்பது மரபு. எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்பதைப் பொதுப் பகுதிக்கு மாற்றிய பிறகுதான் பார்க்க முடிகிறது. கி.பி. 820ஐ ஒட்டி அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்தான். பின்னம் அங்கே ஒரு குடும்பத்தின் நியாயத்தோடு சேர்ந்தது.

சிறிய எண் எதற்கு?

பொதுப் பகுதி கண்டுபிடிக்க நேர்வழி ஒன்று உண்டு: இரண்டு பகுதிகளையும் பெருக்கிவிடுவது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் சொன்ன வழியும் இதுதான். எப்போதும் சரியாக வரும். ஆனால் எண்கள் பெருத்துவிடும். 5/12 + 7/18 என்ற கணக்கில் 12ஐயும் 18ஐயும் பெருக்கினால் 216. 90/216 + 84/216 = 174/216. இதைச் சுருக்கினால் 29/36.

12, 18 இரண்டுக்கும் 36 போதும் என்று முதலிலேயே கண்டிருந்தால் 15/36 + 14/36 = 29/36 என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். இந்தச் சிறிய எண்ணைத்தான் மீச்சிறு பொது மடங்கு என்கிறோம். பின்னங்களைச் சமப்பகுதிக்குக் கொண்டுவர இதைப் பயன்படுத்தலாம் என்று விரிவாகச் சொன்னவர் கர்நாடகத்தில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த ஜைன கணித அறிஞர் மகாவீரர். 9ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'கணிதசார சங்கிரகம்' நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசார்யா. 1912இல் சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது.

மீச்சிறு பொது மடங்கு காண நான் சொல்லித்தரும் வழி எளிது. பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 18... 12ஆல் மீதியின்றி வகுபடுமா? படாது. 36... வகுபடும். அங்கே நின்றுவிடலாம். பத்தில் எட்டுக் கணக்குக்கு இரண்டு மூன்று படியிலேயே விடை கிடைத்துவிடும். அதைவிட முக்கியமாக, 216 எடுத்த பிள்ளையும் தப்புச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் துண்டுகளைத் தேவைக்கு மேல் பொடியாக வெட்டியிருக்கிறாள், அவ்வளவே. சிறிய எண்ணைத் தேடுவது உழைப்பை மிச்சப்படுத்தத்தான். இதைப் புரியவைக்காமல் "மீ.சி.ம. எடுக்கலைன்னா மார்க் கிடையாது" என்று சொன்னால், பிள்ளை வழியை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடும்.

டேப்பில் ஒரு கழித்தல்

தச்சருக்கும் தையல்காரருக்கும் அங்குல டேப்பில் வருகிற பின்னங்கள் எல்லாம் அரை, கால், அரைக்கால், வீசம்தான். 2, 4, 8, 16 என்று ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பு என்பதால், இருப்பதில் பெரிய பகுதியே பொதுப் பகுதி. ஆனால் கலப்புப் பின்னக் கழித்தல் வரும்போது ஒரு சிக்கல் உண்டு. ஐந்தேகால் அங்குலச் சட்டத்தில் 2 3/8 அங்குலம் வெட்டினால் மீதி எவ்வளவு?

5 1/4 என்பதை 5 2/8 என்று எழுதுகிறோம். இப்போது 2/8இலிருந்து 3/8 போகாது. பல பிள்ளைகள் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 3 1/8 என்று எழுதிவிடுவார்கள். ஐந்தில் ஒன்றை உடைக்க வேண்டும். அந்த ஒன்று 8/8. ஆக 5 2/8 என்பது 4 10/8. இனி 10/8இல் 3/8 போனால் 7/8, நாலில் இரண்டு போனால் இரண்டு. விடை 2 7/8. இரண்டாம் வகுப்பில் 'கடன் வாங்கி'க் கழித்த அதே வேலைதான். அங்கே ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒன்றுகள், இங்கே ஒன்றை உடைத்தால் எட்டு அரைக்கால்கள். நிஜ டேப்பைக் கையில் கொடுத்து, ஐந்தேகாலில் விரலை வைத்து 2 3/8 பின்னோக்கி நகர்த்தச் சொன்னால் பிள்ளைகளே 2 7/8இல் போய் நிற்பார்கள்.

போடும் முன் குத்துமதிப்பு

விடை வருவதற்கு முன், அது சுமாராக எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டும் என்பது என் வகுப்பில் கட்டாயம். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 சுமாராக எவ்வளவு என்று கேட்டார்கள். தேர்ந்தெடுக்க 1, 2, 19, 21 என்ற நான்கு விடைகள். இரண்டு பின்னமும் ஒன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆகவே விடை 2 என்று பார்த்ததும் சொல்லலாம். நூற்றுக்கு 24 பேரே அதைச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மேலே உள்ள எண்களைக் கூட்டி 19 என்றோ, கீழே உள்ளவற்றைக் கூட்டி 21 என்றோ சொன்னார்கள். 12/13 என்பதை ஓர் அளவாக அவர்கள் பார்க்கவே இல்லை. இரண்டு தனி எண்களாகத்தான் பார்த்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. குறுக்கே பெருக்கி, மேலே கூட்டி, கீழே பெருக்கி என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் குறுக்குப் பெருக்கல் வழி விடையைத் தருகிறது. அதை நானும் கடைசி வாரத்தில் சொல்லித்தருகிறேன். முதல் வாரத்திலேயே கொடுத்தால் பிள்ளை அம்புகளை மட்டும் மனப்பாடம் செய்யும். மூன்று பின்னங்களைக் கூட்டச் சொன்னதும் அம்பை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளை இருந்தால் பெற்றோர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விதி என்ன என்று கேட்காதீர்கள். "இதையும் அதையும் எந்தத் துண்டால அளக்கலாம்?" என்று கேளுங்கள். பன்னிரண்டால், இருபத்துநாலால், அறுபதால் என்று பிள்ளை எதைச் சொன்னாலும், மீதியில்லாமல் அளக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். விடை வந்ததும் அது அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகள் ஆறாம் வகுப்போடு முடிந்துவிடுவதில்லை. பத்தாம் வகுப்பில் 4 ஓம், 6 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்க்கும்போது 1/4 + 1/6 = 3/12 + 2/12 = 5/12 என்று போட்டு, அதைத் தலைகீழாக்கி 12/5, அதாவது 2.4 ஓம் என்று எழுதுகிறார்கள். லென்ஸின் குவியத் தூரத்துக்கு 1/v − 1/u என்ற பின்னக் கழித்தல் வருகிறது. இயற்கணிதத்தில் 1/x + 1/y என்று எழுத்துகளே பகுதியாக வந்து உட்கார்ந்துவிடும். அப்போது கட்டம் எண்ண முடியாது, டேப்பும் உதவாது. துண்டு ஒன்றானால்தான் எண்ண முடியும் என்பதை உணர்ந்த பிள்ளை தயங்காமல் xy என்று எழுதிவிடும். அந்த உணர்வைப் பதினோரு வயதில் பொறுமையாக ஊட்டுவதற்கு ஒதுக்கும் வாரங்களைத்தான் ஓர் ஆசிரியையாக நான் மிகவும் மதிக்கிறேன்.